அம்மாவுக்கு 75: கப்பல்லயே அட்லாண்டிக் தாண்டோணுமாம். யாராச்சும் போயிருக்கீங்களா?

தோப்புக்காரி | திங்கள், இரவு 9:12

வணக்கமுங்க. பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. வீட்ல நானு, வீட்டுக்காரரு, எங்கம்மா. வர்ற ஆவணியில அம்மாவுக்கு 75 நெறையுது. தம்பி நியூஜெர்சியில இருக்கான். பிறந்தநாளை அங்க வெச்சுக்கலாம், டிக்கெட் போட்டுத் தர்றேன்னு ரெண்டு வருசமாக் கூப்பிடறான். அம்மா ஒரே பிடியா நிக்குது: "கப்பல்ல கூட்டிட்டுப் போறதா இருந்தா வர்றேன்."

காரணம் இருக்குதுங்க. அம்மா பொறந்தது 1951-ல, பினாங்குல. அப்புச்சி அங்க துறைமுகத்துல கணக்கு எழுதிட்டு இருந்தாரு. 1957-ல அம்முச்சியும் அம்மாவும் மாமாவும் ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினம் வந்து எறங்குனாங்க. அந்த ஒரு பயணத்தைத் தவிர வேற கப்பலே அம்மா பாத்ததில்லை. சாயங்காலம் கயித்துக் கட்டல்ல உக்காந்தா பேரப்பிள்ளைகளுக்கு இன்னிக்கும் அந்தக் கதைதான்.

கோயமுத்தூர்ல ஒரு ஏஜென்ட்கிட்டப் போனேன். எவ்வளவு சொல்லியும் மத்தியதரைக்கடல் பேக்கேஜைத்தான் நீட்டறாரு. 7 ராத்திரி, தினம் ஒரு ஊரு. அம்மா அந்த நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தினமும் எறங்கி ஏறோணுமா? இதென்ன டவுன் பஸ்ஸா?"ன்னு மடக்கிக் குடுத்துருச்சு. அதுக்கு வேணுங்கறது ஒரு கரையில ஏறி அடுத்த கரையில எறங்கறது. நடுவுல தண்ணி மட்டும்.

அப்படி ஒரு கப்பல் இன்னும் ஓடுதுங்களா? ஓடுனா எந்தப் பக்கம் போறது நல்லது, என்ன ரூம் எடுக்கறது, விசா எப்படி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலந்தாவளம்_செக்போஸ்ட் | திங்கள், இரவு 9:30

அக்கா, கொழிஞ்சாம்பாறையில இருந்து கப்பல் கெடைக்காது. ஆளியாறு தண்ணியே நமக்கு ஒழுங்கா வர்றதில்லை 😄

ஆனா ஒரு சந்தேகம். கப்பல் ஏறவே பிளேன்ல போகோணுமே, அதுக்கு அம்மா ஒத்துக்குதா?

தோப்புக்காரி | திங்கள், இரவு 9:41

கேட்டாச்சு தம்பி. "அது வரைக்கும் கண்ண மூடிட்டு வர்றேன்"னு சொல்லிருச்சு.

மீனாட்சிபுரம்_மணி | திங்கள், இரவு 10:05

தப்பா எடுத்துக்காதீங்க, நேரா சொல்றேன். தோப்பு வெச்சிருக்கறவங்க தேங்கா வெலை ஏறி எறங்கறதைப் பாத்தவங்க, வெள்ளை ஈ வந்து காப்பு பாதியாப் போனதையும் பாத்தவங்க. அந்தக் காசைக் கொண்டு போயி அட்லாண்டிக்ல போடணுமா? ரெண்டு நாட்டு விசா, ரெண்டு பேருக்கு விமானம், அதுக்கு மேல கப்பல்.

கடல் பாக்கறதுதான் ஆசைன்னா கொச்சி வெல்லிங்டன் ஐலண்டுல இருந்து லட்சத்தீவுக்குக் கப்பல் ஓடுது. எம்.வி. கவரத்தி, 700 பேர் போற கப்பல். ஏ.சி. கேபின் உண்டு. சாயங்காலம் ஏறுனா அடுத்த நாள் தீவு. பெர்மிட் மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கணும். இல்லீன்னா கொச்சி, சென்னைப் பக்கம் வந்து போற கார்டீலியா குரூஸ் கப்பல் இருக்கு. நம்ம சோறு, நம்ம பாட்டு. அம்மாவுக்குப் பாஷையும் புரியும்.

பழைய_ஸ்டூவர்ட் | திங்கள், இரவு 11:48

நெம்மாறைக்காரன். கப்பல் டைனிங் ஹால்ல தட்டு தூக்கியே 11 வருசம் ஓட்டிட்டு, முட்டி போனதும் ஊருக்கு வந்துட்டேன். கடைசி ரெண்டு வருசம் இவங்க கேக்கற கப்பல்லயேதான்.

ஓடுதுங்க. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு: குனார்ட் கம்பெனியோட குயின் மேரி 2. இங்கிலாந்துல சவுத்தாம்டன், அந்தப் பக்கம் நியூயார்க். பெரும்பாலும் 7 ராத்திரி, நடுவுல எங்கயும் நிக்காது. ஏஜென்ட்கிட்ட "குரூஸ்"னு கேட்டா அவரு குரூஸைத்தான் காட்டுவாரு. "டிரான்ஸ் அட்லாண்டிக் கிராசிங்"னு கேளுங்க, அது தனி வகை. சில பயணம் ஹாம்பர்க்ல தொடங்கும், அல்லது அங்க முடியும். அதைத் தொட்டா ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவும் சேந்துக்கும். சவுத்தாம்டன்–நியூயார்க் மட்டும் எடுங்க.

மணி சொல்ற கப்பலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, குரூஸ் கப்பல் மிதக்கற ஓட்டல் மாதிரி, வானம் மோசமானா ஒதுங்கிப் போயிரும். இது லைனர். குறிச்ச நாள்ல அக்கரை சேரணும்னே கட்டுனது. பிரான்ஸ்ல செயின்ட் நசேர்ல கட்டி 2004 ஜனவரியில ஓட ஆரம்பிச்சுது. நீளம் 345 மீட்டர். கணக்குக்குச் சொன்னா, நம்ம பாலக்காடு வழியா போற ரயில்ல 14 பெட்டியை வரிசையா நிறுத்தலாம். தண்ணிக்கு அடியில மட்டும் 10 மீட்டர். முன்மூக்கு நீண்டு கூராயிருக்கும். அலை மேல ஏறி வந்தாலும் உடைச்சு விடறதுக்கு முன்தளத்துல குறுக்கால ஒரு தடுப்பே வெச்சிருக்காங்க. வேகம் 30 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வரைக்கும் போகும், சாதாரணமா அதை விட நிதானமாத்தான் ஓட்டுவாங்க.

சவுத்தாம்டன்ல ஏறி நியூயார்க்ல எறங்கற பக்கம் போங்க. ரெண்டு ஊருக்கும் நேரம் 5 மணி வித்தியாசம். மேற்கே போறப்ப அஞ்சு ராத்திரி ஒவ்வொரு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னால தள்ளி வெப்பாங்க. அதாவது அந்த நாளுக்கெல்லாம் 25 மணி நேரம். வயசானவங்களுக்கு உடம்பு நோகாது. கிழக்கே வர்றப்ப ஒரு நாளைக்கு 23 மணி நேரந்தான், தூக்கம் போயிரும்.

தோப்புக்காரி | செவ்வாய், காலை 6:20

ஸ்டூவர்ட் அண்ணா, நீங்க எழுதினதை அப்படியே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். 25 மணி நேரம்னதும் நிமுந்து உக்காந்துச்சு. "அப்ப எம்பொறந்தநாளு ஒரு மணி நேரம் கூடவா?"

மணி அண்ணா சொன்ன லட்சத்தீவும் சொல்லிப் பாத்தேன். "ஒரு ராத்திரி போதுமா, கண்ணு? கடலு ரெண்டாம் நாள்தான் பழக்கமாகும்"னுருச்சு. 6 வயசுல போனதுக்கு இவ்வளவு கணக்கு.

நாகை_நெனப்பு | செவ்வாய், காலை 8:15

நான் இப்ப கோபாலபுரத்துல மக வீட்ல இருக்கேன். சொந்த ஊரு நாகப்பட்டினம். ரஜூலான்னு பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

1926-ல கிளாஸ்கோவுல கட்டின கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர்னு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடுச்சு. 1973-ல நின்னுச்சு. நாகையில அப்ப கப்பல் கரைக்கு வராது. ஆழம் பத்தாது, தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும். ஜனங்களையும் சாமானையும் படகுல ஏத்தி எறக்குவாங்க. அலை மேல வர்றப்ப படகு கப்பலோட ஏணிக்கு நேரா உயரும், அந்த ஒரு நொடியில கால் வெக்கணும். தப்புனா அடுத்த அலை. குழந்தைகளைக் கை மாத்திக் கை மாத்தி எறக்கறதைச் சின்னப் பையனா நின்னு வேடிக்கை பாத்திருக்கேன். தோப்புக்காரி அம்மாவும் அப்படித்தான் எறங்கியிருக்கணும்.

டெக் டிக்கெட் எடுத்தவங்களுக்கு ரூம் கெடையாது. பாயும் டிரங்குப் பெட்டியுமா வந்து தளத்துல எடம் புடிச்சுக்குவாங்க. மேல கான்வாஸ் துணி கட்டியிருக்கும். பக்கத்துப் பாய்க்காரங்கதான் அந்த ஒரு வாரத்துக்கு சொந்தபந்தம். அப்பிடிச் சம்பந்தம் பேசி முடிஞ்ச கல்யாணமும் எங்க தெருவுல உண்டு.

அதுக்கப்புறம் எம்.வி. சிதம்பரம் ஓடுச்சு. 1985 பிப்ரவரியில அதுல தீப்பிடிச்சதோட அந்த வழியில ஜனங்க கப்பல்ல போறதே நின்னு போச்சு.

தோப்புக்காரி | செவ்வாய், காலை 9:02

ஐயா, படகு சங்கதி அம்மா சொல்றதும் அச்சு அசல் அதேதானுங்க. அம்முச்சி கண்டாங்கிச் சேலை முந்தானையில அம்மாவை இடுப்போட கட்டி எறக்குச்சாம். பாய் மட்டும் தண்ணியில போயிருச்சு. பினாங்குல வாங்கின கோரைப்பாய், ஓரத்துல செவப்புக் கரை. 69 வருசமாச்சு, அந்தப் பாய்க்கு இன்னும் வருத்தப்படுது.

கல்பாத்தி_மாமி | செவ்வாய், மதியம் 2:30

கப்பலாக்கும் பேச்சுன்னு எல்லாரும் பேசறேள், விசாவை யாரும் தொடலையே. எங்காத்துல நாலு பேருக்கு நானே ஃபாரம் நிரப்பினவள், அதனால சொல்றேன், கேட்டுக்கோங்கோ.

முதல்ல அமெரிக்கா. பி1/பி2ங்கற விசிட்டர் விசா. டி.எஸ்-160 ஃபாரம் ஆன்லைன்ல. அப்புறம் ரெண்டு அப்பாயின்ட்மென்ட்: ஒரு நாள் கைரேகை, போட்டோ, இன்னொரு நாள் சென்னை கான்சுலேட்ல நேர்காணல். தேதி கிடைக்கத்தான் காத்துண்டு இருக்கணும், அதனால இன்னிக்கே தொடங்குங்கோ. கிடைச்சா சாதாரணமா 10 வருஷத்துக்குக் கொடுப்பா.

அது கைக்கு வந்தப்புறம் இங்கிலாந்து. ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா. பயணத்துக்கு 3 மாசம் முன்னாடிதான் அப்ளை பண்ண முடியும், அதுக்கு முந்தி வாங்க மாட்டா. கொச்சியிலயே விசா அப்ளிகேஷன் வாங்கற விஎஃப்எஸ் சென்டர் இருக்கு. சாதாரணமா 3 வாரம்னு கணக்கு வெச்சுக்கோங்கோ. ரெண்டையும் ஒரே சமயத்துல போட்டா பாஸ்போர்ட் ஒரு இடத்துல மாட்டிண்டு மத்தது நின்னுடும்.

இதுல ஒரு சங்கடம் உண்டு. கப்பல்காராளுக்கு மீதிப் பணம் கட்ட வேண்டிய கெடுவும் ஏறக்குறைய அந்த 3 மாசத்துலதான் வரும். விசா கைக்கு வராம முழுப் பணமும் போட வேண்டியிருக்கும். ரத்து பண்ணினா எவ்வளவு பிடிப்பான்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்கோ. வெளிநாட்டு டூர் பேக்கேஜ்னு டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வாங்கற வரி, வேற பிடிப்பா. அது வருமான வரி ரிட்டர்ன்ல திரும்பும், ஆனா கையை விட்டுப் போறப்போ போறதுதானே.

அடுத்தது பேர். இதுலதான் நம்ம பக்கத்து மனுஷா எல்லாரும் மாட்டிக்கறா. அம்மா பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கோ?

தோப்புக்காரி | செவ்வாய், மாலை 5:10

காலிதானுங்க மாமி. பேர் மட்டும் இருக்கு. இனிஷியல்கூட இல்லை. பினாங்குல குடுத்த பர்த் சர்டிபிகேட்ல அதே பேரு வேற எழுத்துக்கூட்டல்ல இருக்கு.

கல்பாத்தி_மாமி | செவ்வாய், மாலை 6:00

நெனைச்சேன். ஒத்தைப் பேரா இருந்தா அமெரிக்க விசாவுல அந்தப் பேரை சர்நேம் இடத்துல போட்டு, முதல் பேர் இடத்துல எஃப்.என்.யூ.ன்னு அடிச்சுடுவா. முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம். பயப்படாதேங்கோ, அது செல்லும். ஆனா விமான டிக்கெட்லயும் கப்பல் புக்கிங்லயும் என்ன பேர் போடறதுன்னு குழப்பம் வரும். என் தங்கை பிள்ளைக்கு ஒரு விமானக் கம்பெனிக்காரன் கவுண்டர்ல முக்கால் மணி நேரம் நிறுத்தி வெச்சான். நாள் இருக்கறச்சேயே அப்பாவோட பேரையோ ஆத்துக்காரர் பேரையோ சர்நேமாச் சேத்து பாஸ்போர்ட்டைப் புதுசா எடுத்துடுங்கோ. பழைய சர்டிபிகேட்ல எழுத்துக்கூட்டல் வேறயா இருக்கறதுக்கு அக்ஷயா சென்டர்ல (கேரள அரசு இ-சேவை மையம்) கேளுங்கோ, அஃபிடவிட் மாதிரி சொல்லித் தருவா.

இங்கிலாந்துக்கு வருமானம் காட்டணும். வில்லேஜ் ஆபீஸ்ல கரம் (நில வரி) அடைச்ச ரசீது, நிலம் நம்ம அனுபவத்துல இருக்குங்கற கைவச சர்டிபிகேட், தேங்காய் வித்த பணம் பேங்குல ஏறின கணக்கு. எல்லாம் மலையாளத்துல இருக்கும், அதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்தோட வெக்கணும். இதை விட்டுட்டு ரிஜெக்ட் வாங்கினவாளை நேக்குத் தெரியும்.

மீனாட்சிபுரம்_மணி | செவ்வாய், இரவு 9:20

பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன். இவ்வளவு காயிதம் பொறக்கறதுக்குள்ள அம்மாவுக்கு 76 வந்துரும்.

அது கெடக்கட்டும். 7 நாள் தண்ணியையே பாத்துட்டு என்ன பண்றதுங்க? நான் ஒருக்கா அந்தமானுக்குக் கப்பல்ல போனேன், மூணு நாள். ரெண்டாம் நாளே சுவத்துல முட்டிக்கலாம்னு ஆயிருச்சு. செல்போன்ல டவர் இல்லை.

பழைய_ஸ்டூவர்ட் | செவ்வாய், இரவு 11:30

மணி, உங்களுக்கு அலுக்கும். அந்தம்மாவுக்கு அலுக்காது. 11 வருசத்துல நான் பாத்தது: பொழுது போகலைன்னு மேனேஜர்கிட்ட வந்து நிக்கறவங்க பெரும்பாலும் நாப்பதுக்காரங்க. எழுபதுக்காரங்க சாய்வு நாற்காலியில கம்பளி போத்தி உக்காந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு நாமதான் போயி எழுப்பணும்.

வேணுங்கறவங்களுக்கு எல்லாம் இருக்கு. பெரிய லைப்ரரி உண்டு. தமிழ்ப் புத்தகம் இருக்காது, கையில கொண்டு போங்க. கோளரங்கம் ஒண்ணு இருக்கு. கப்பல்ல முதல்முதலா வெச்சது இங்கதான். சாயங்காலம் குயின்ஸ் ரூம்ல வெள்ளைக் கையுறை போட்டு டீ ஊத்துவாங்க, கூட வாத்தியம் வாசிப்பாங்க. நாய் பூனைக்கும் தனி எடம் உண்டு. (அதுக்கு வருசக்கணக்கா முன்பதிவு ஓடும். ஆட்டுக்குட்டி எடுக்க மாட்டாங்க, செக்போஸ்ட் தம்பி, கேக்காதீங்க.)

ஆனா அந்தம்மாவுக்குப் புடிக்கப் போறது இது எதுவும் இல்லைன்னு என் ஊகம். தினமும் மதியம் 12 மணிக்கு பிரிட்ஜ்ல இருந்து, அதாவது கப்பலை ஓட்டற அறையில இருந்து, அறிவிப்பு வரும். இப்ப எந்த அட்சரேகையில இருக்கோம், காத்து எவ்வளவு, அடியில ஆழம் எவ்வளவுன்னு. நாலாயிரம் மீட்டர்னு அவங்க சொல்றப்ப டைனிங் ஹாலே ஒரு நிமிசம் ஸ்பூனைக் கீழ வெச்சிரும். சங்குல ஒண்ணு 1936-ல ஓடத் தொடங்கின பழைய குயின் மேரியோடது, கழட்டிக் கொண்டு வந்து இதுல மாட்டினது. அது ஊதுனா நெஞ்சுல அதிரும். நியூஃபவுண்ட்லாந்துக்கிட்ட மூடுபனி இருந்தா ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஊதிட்டே போவாங்க. ராத்திரி அந்த சத்தத்துல தூங்க முடியாதவங்களும் உண்டு, அது இல்லாம தூங்க முடியாம ஆனவங்களும் உண்டு. நான் ரெண்டாவது.

7-ஆம் தளத்துல கப்பலைச் சுத்தி மரப்பலகை போட்ட நடைபாதை. மூணு சுத்து வந்தா ஒரு மைலுக்கு மேல. நாற்காலி அங்கதான் போட்டிருக்கும். நாகை ஐயா சொன்ன பாயெல்லாம் விரிக்க விட மாட்டாங்க, சொல்லிட்டேன்.

இப்ப ரூம். இதைக் கவனமாப் படிங்க, புரோச்சர்ல இப்படி எழுத மாட்டாங்க.

பால்கனியில ரெண்டு வகை. மேல் தளங்கள்ல கண்ணாடித் தடுப்பு. கீழ் தளங்கள்ல கப்பலோட இரும்பு உடம்புலயே ஓட்டை வெட்டினது மாதிரி பால்கனி. அதுக்கு முன்னால தடுப்பு முழுக்க இரும்பு, ஏறக்குறைய நாலடி. மழை காத்து அடிக்காது, வெலையும் கொறைவு. ஆனா நாற்காலியில உக்காந்தா இரும்பைத்தான் பாக்கணும். 8-ஆம் தளத்துல நடுவுல எடுத்தா கண்ணு முன்னால லைஃப் போட் தொங்கும். ஜன்னல் மட்டும் உள்ள ரூமுங்க பெரும்பாலும் முன்பக்கமா இருக்கும், ஆட்டம் கொஞ்சம் தெரியும். கப்பலோட நடுவுல, கீழ் தளமா எடுத்தா ஆட்டம் கம்மி. மேற்கே போறப்ப தெக்குப் பக்கம் கப்பலோட இடது கைப் பக்கம் வரும். வெயில் வேணும்னா இடது பக்கம், அதாவது போர்ட் சைடு கேளுங்க.

கோவிந்தாபுரம்_நர்ஸ் | புதன், காலை 7:10

அம்மாவுக்கு பிபி, சுகர், முட்டிவலி எதாச்சும் இருக்குங்களா அக்கா? இருந்தா ரூமுக்கு முந்தி இன்சூரன்ஸ் பாருங்க. 70 தாண்டினா சில பாலிசி தரவே மாட்டாங்க, சிலதுல தொகையைக் கொறைச்சிருவாங்க. இருக்கற நோயை மறைக்காம எழுதுங்க. மறைச்சா அதைக் காட்டியே பணம் தர மாட்டாங்க. நம்ம காருண்யா (கேரள அரசு மருத்துவ உதவி) கார்டெல்லாம் அங்க செல்லாது.

கப்பல்ல டாக்டர் இருப்பாரு, சின்ன ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், ஆனா பில்லு டாலர்ல. நடுக்கடல்ல ஹெலிகாப்டரும் எட்டாது. அதனால கெளம்பறதுக்கு முந்தி ஒரு முழு செக்கப் பண்ணிட்டு, மாத்திரையெல்லாம் சீட்டோட கைப்பையில வெச்சுக்கங்க, பெரிய பெட்டியில போடாதீங்க. கூட பத்து நாளைக்கு எச்சாவே இருக்கட்டும்.

தலைசுத்தல் வாந்திக்கு மாத்திரை நீங்களா கடையில வாங்கிக் குடுக்காதீங்க. வயசானவங்களுக்கு அது தூக்கத்தைக் குடுத்து, நடக்கறப்ப தள்ளாட வெக்கும். ஆடற கப்பல்ல விழுந்து இடுப்பெலும்பு போச்சுன்னா அவ்வளவுதான். டாக்டர்கிட்டக் கேட்டே வாங்குங்க. இஞ்சி மரப்பா கொண்டு போங்க.

பழைய_ஸ்டூவர்ட் | புதன், காலை 10:40

நர்ஸம்மா சொன்னது அத்தனையும் சரி. நாங்க பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் குடுப்போம், பாதிப் பேருக்கு அதுலயே நின்னுரும்.

தோப்புக்காரி | புதன், இரவு 8:55

பிபி மட்டும் இருக்குது. முட்டி பரவால்லைங்க, தோப்புக்குள்ள தெனமும் நடக்குது.

ரெண்டு சந்தேகம். சாப்பாடு? அம்மா கறி மீனெல்லாம் திங்கும், ஆனா ராத்திரிக்குத் தயிர்சோறும் எலுமிச்சங்கா ஊறுகாயும் இல்லீன்னா தூங்காது. அப்புறம், பொறந்தநாளன்னிக்கு வெளக்கு ஏத்தணும்னு சொல்லுது. அஞ்சு முக காமாட்சி வெளக்கு ஒண்ணு வெச்சிருக்கு.

பழைய_ஸ்டூவர்ட் | வியாழன், காலை 12:20

வெளக்கு முடியாது. கப்பல்ல எல்லாத்தையும் விட பயம் நெருப்புதான். மெழுகுத்திரி, ஊதுபத்தி, தண்ணி சூடு பண்ற காயில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, எதுவுமே உள்ள விட மாட்டாங்க. பெட்டியை ஸ்கேன் பண்ணறப்பவே எடுத்து வெச்சுக்குவாங்க. வெளக்கைக் கொண்டு போங்க, எண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். பேட்டரி லைட் ஒண்ணை நடுவுல வெச்சுக்கலாம். சாமி கோச்சுக்காது.

சாப்பாட்டுக்கு: பிரிட்டானியான்னு பெரிய டைனிங் ஹால். முதல் நாள் ராத்திரியே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு தயிரும் வெள்ளைச் சோறும் தினமும் வேணும்னு சொல்லிருங்க. இதெல்லாம் அவங்களுக்குப் பழக்கம். எங்காளுங்க, கோவாக்காரங்க, பிலிப்பைன்ஸ்காரங்க நெறைய இருப்பாங்க. எனக்கும் ஒருக்கா எர்ணாகுளம் பக்கத்து அம்மச்சி ஒருத்தங்க வந்தாங்க. மெனு கார்டைத் தொறக்கவே இல்லை. "மோனே, இத்திரி கஞ்ஞி கிட்டுமோ?"ன்னாங்க. கிச்சன்ல இருந்த செஃப் ஸ்காட்லாந்துக்காரன். அவனுக்குக் கஞ்சின்னா என்னன்னு விளக்கறதுக்குள்ள ஷிப்டு முடிஞ்சுது. மூணாம் நாள் கரெக்டா வெச்சான். எறங்கறப்ப அந்தம்மா அவன் கையைப் புடிச்சுட்டு அழுதாங்க.

ஊறுகாய் சீல் போட்ட பாட்டில்ல கொண்டு போங்க. நெய், பால்கோவா எதுவும் வேண்டாம், இங்கிலாந்துக்குள்ள பால், கறிச் சாமான் விட மாட்டாங்க. அமெரிக்காவுல எறங்கறப்பவும் பழம், விதையெல்லாம் கையில இருக்கக்கூடாது.

இன்னொண்ணு, ரெண்டு ராத்திரி கோட் சூட் போட்டு வரச் சொல்லுவாங்க. அம்மாவுக்கும் உங்களுக்கும் பட்டுச்சேலை போதும். அந்த ஹால்ல அத்தனை கருப்புக் கோட்டுக்கு நடுவுல ஒரு அரக்குக் கலர் பட்டு எறங்கி வந்தா எல்லாத் தலையும் திரும்பும். பாத்திருக்கேன்.

டிப்ஸ் தினமும் கணக்குல ஏறும், டாலர்ல. இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு.

வேலந்தாவளம்_செக்போஸ்ட் | வியாழன், காலை 7:45

அண்ணா, கள்ளு கெடைக்குமா?

பழைய_ஸ்டூவர்ட் | வியாழன், காலை 8:00

சித்தூர் கள்ளு குடிச்ச வாய்க்கு அங்க இருக்கற எதுவும் எடுபடாது.

மீனாட்சிபுரம்_மணி | வியாழன், இரவு 10:10

இவ்வளவு படிச்சதுக்கப்புறம் ஒண்ணு கேக்கறேன். கடைசி நாள் எப்படி இருக்கும்? எறங்கறப்ப?

பழைய_ஸ்டூவர்ட் | வியாழன், இரவு 11:55

மணிக்கும் ஆசை வந்துருச்சு 😄

விடியறதுக்கு முந்தி, அஞ்சு மணி வாக்குல நியூயார்க் துறைமுக வாசல்ல இருக்கற வெரசானோ பாலத்துக்கு அடியில போகும். கப்பலோட புகைபோக்கியை அந்தப் பாலத்துக்கு அடியில நுழையணும்னே கணக்குப் போட்டுக் குட்டையாக் கட்டியிருக்காங்க. கீழ நின்னு பாத்தா இடிச்சுத்தான் தீரும்னு தோணும். நான் எத்தனை தடவை பாத்தேனோ, ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிஞ்சிருக்கேன். அதைத் தாண்டினா சுதந்திர தேவி சிலை. அப்புறம் புரூக்ளின்ல ரெட் ஹூக் துறை. தம்பியை அங்க வரச் சொல்லுங்க, மன்ஹாட்டன் பக்கம் போயி நிக்கப் போறாரு. சவுத்தாம்டன்லயும் ஒரு நாள் முந்தியே போயித் தங்கிருங்க. ஹீத்ரோவுல இருந்து ரோட்டுல ரெண்டு மணி நேரம் ஆகும். பிளேன் லேட்டாச்சுன்னு கப்பல் நிக்காது.

தோப்புக்காரி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30

எல்லாருக்கும் சேதி சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. தேங்கா வெட்டு நடந்துட்டு இருந்துச்சு.

மாமி சொன்னபடி அப்புச்சி பேரை சர்நேமாச் சேத்து புது பாஸ்போர்ட் வந்துருச்சு. முந்தாநேத்து சென்னையில அமெரிக்க நேர்காணல். தமிழ்ல பேசறதுக்கு ஆள் வெச்சிருந்தாங்க. அந்த ஆபீசர் எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கலை, அம்மாகிட்டயே பேசிட்டு இருந்தாரு. எதுக்குப் போறீங்க? பையனைப் பாக்க. ஏன் பிளேன்ல போகாம கப்பல்ல? "பிளேன்ல போனா நடுவுல என்ன இருக்குதுன்னு தெரியறதில்லீங்களே." அவரு சிரிச்சுட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டாரு. கெடைச்சுருச்சுங்க. இங்கிலாந்துக்கு 3 மாசக் கணக்கு தொடங்கினதும் கொச்சி போறோம். பணம் ரத்தானா எவ்வளவு போகும்னு எழுதி வாங்கியாச்சு. படிச்சுப் பாத்துட்டு ஒரு ராத்திரி தூக்கம் வரலைங்கறதையும் சொல்லிக்கறேன். வீட்டுக்காரரு வரலை, தோப்புக்கு ஆள் வேணும். நானும் அம்மாவும் மட்டும்.

ரூம்தான் ஓரியாட்டமா இருந்துச்சு. ஸ்டூவர்ட் அண்ணா சொன்னதைக் கேட்டு மேல் தளத்துக் கண்ணாடி பால்கனி எடுக்கலாம்னு நான் சொன்னேன். வெலையைக் கேட்டுட்டு அம்மா விடலை. அந்த இரும்பு பால்கனிதான், நடுவுல, இடது பக்கம். உக்காந்தா ஒண்ணும் தெரியாதும்மான்னா, "நின்னா தெரியுமல்லோ"ங்குது.

பழைய_ஸ்டூவர்ட் | ஞாயிறு, மாலை 6:10

அம்மா எத்தனை அடி உயரம்?

தோப்புக்காரி | ஞாயிறு, இரவு 7:40

அதைத்தான் இன்னிக்குக் காலையில பாத்தோம். நாலடி பத்து அங்குலம். தோப்புல மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல தண்ணித்தொட்டிச் சுவரு சரியா நாலடி. அம்மாவே போயி அதுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லுச்சு. ரெண்டு கையையும் சுவத்து மேல வெச்சு, தாடையைத் தூக்கி ஒரு பார்வை. அந்தப் பக்கம் வரப்புல ஆடு மேயறது, அதுக்கும் அங்கிட்டு ரோட்டுல பொள்ளாச்சி பஸ் போறது, எல்லாம் சொல்லுச்சு.

தெரியுதாம். அதே ரூம்தான் போட்டாச்சு.